அடுத்த போஸ்ட் தெரிகிறதா?

வேங்கிக்காலில் மழை பிடித்தால் என் தம்பி கலையரசன் கடையை விட்டு வெளியே வந்துவிடுவான். கலெக்டர் ஆபீஸுக்கு எதிர் வரிசையில் எங்கள் இருவர் கடையும் ஒட்டியே இருக்கின்றன. என்னுடையது ஜெராக்ஸ் கடை, அவனுடையது டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் அவன் தும்மினால் இந்தப் பக்கமிருந்து நான் திட்டலாம். மழைக்கு ஒதுங்கி நிற்பவர்களில் யாரையாவது பிடித்துக்கொண்டு, "மலை தெரியுதா?" என்று கேட்பான்.

ஊர்க்காரர் என்றால் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். "தெரியுதே" என்று சொல்லிவிட்டு லுங்கியைப் பிழிவார். ஊரே சாமியென்று கும்பிடுகிற மலை எங்கே போய்விடப் போகிறது? அதைப் பார்த்துவிட்டா சொல்ல வேண்டும்? ஆனால் தம்பிக்கு முகம் மாறிவிடும். "பாத்து சொல்லுங்க" என்பான். அவர் வேண்டாவெறுப்பாகத் திரும்பினால், மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளையாக மழை நிற்கும்.

மனு நகல் எடுக்க வந்த ஒருவர், "இந்தாளுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று என்னிடமே கேட்டார். டீக்கடையில் அவனுக்கு 'மலை தெரியுதா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டவனை நான் கடை வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். என் தம்பியை நான் கேலி செய்யலாம், கண்டவனும் செய்யக் கூடாது.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வண்டிச் சத்தம் என்றால் பைத்தியம். ஆனால் வேகமாக ஓட்டப் பயம். இன்றைக்கும் அவன் ஸ்கூட்டரில் போனால் சைக்கிள்காரன் மணியடித்து முந்திக்கொண்டு போவான். அப்படிப்பட்டவன் ஒருநாள் வந்து, "அக்கா, நான் ரேஸ்ல சேர்ந்துட்டேன்" என்றபோது நான் சிரித்த சிரிப்பில் மிஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது. ஓட்டுவதற்கு இல்லையாம், கொடி காட்டுவதற்காம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பைக் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே பந்தயம் நடக்கும் சனி, ஞாயிறுகளில் இவன் மார்ஷல். சம்பளம் கிடையாது. பஸ் செலவு, ஒரு பிரியாணிப் பொட்டலம், ஆரஞ்சு நிறத்தில் கழுத்திலிருந்து கால்வரை மூடும் ஓர் உடுப்பு, அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவனைப் பார்த்து அவன் பெண்டாட்டி பூஜா, "சிலிண்டர் போடற ஆளு மாதிரி இருக்கீங்க" என்றாள். அதற்கும் சந்தோஷப்பட்டான்.

அந்த வேலையைப் பற்றி எனக்கு அவ்வளவு சொல்லியிருக்கிறான், தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். தடத்தைச் சுற்றிலும் வளைவுக்கு வளைவு ஒரு மேடை இருக்கும். அதுதான் போஸ்ட். ஒவ்வொரு போஸ்டிலும் கொடியோடு ஒரு மார்ஷல். முன்னால் யாராவது விழுந்து கிடந்தால் மஞ்சள் கொடி அசைப்பார்கள், வருகிறவன் வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்பு என்றால் பந்தயமே நின்றது. மழை பெய்தால் உடனே நிறுத்திவிட மாட்டார்கள். ஈரத்துக்கென்று தனி டயர் உண்டு, அதை மாட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். பயம் ஈரத்தில் இல்லை. தடத்தில் தண்ணீர் தேங்கினால் டயர் ரோட்டைத் தொடாமல் மிதக்கும். அதைவிட மோசம், முன்னால் போகிற வண்டி கிளப்பும் சாரலில் பின்னால் வருகிறவனுக்கு எதுவும் தெரியாது. கொடியே தெரியாவிட்டால் கொடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் மழை வலுத்தால் கன்ட்ரோல் ரூமிலிருந்து வாக்கி டாக்கியில் ஒவ்வொரு போஸ்டாகக் கேட்பார்கள்: அடுத்த போஸ்ட் தெரிகிறதா? ஒருவர் தெரியவில்லை என்றாலும் சிவப்புக் கொடி. "பந்தயத்த நிறுத்தறது மேல இருக்கறவருதான்க்கா. ஆனா அவருக்குக் கண்ணு நாங்கதான்" என்பான் தம்பி. சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

வளவன் அவன் கடைக்குச் செயின் ஸ்பிராக்கெட் வாங்க வந்த பையன். கீழ்பென்னாத்தூரில் கடலை போடுகிற குடும்பம், இன்ஜினியரிங் முடித்தவன். வாயைத் திறந்தால் ரேஸ்தான். பயிற்சி கொடுக்கும் இடத்தில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் தம்பிதான். வளவனின் அம்மா ஜோதியம்மாள் ஒத்துக்கொள்ளவே இல்லை. தம்பி அவர்கள் வீட்டுக்கே போய், "நான் அங்கதாம்மா நிக்கறேன்" என்று சொன்ன பிறகுதான் அனுப்பினாள். பையன் நன்றாக ஓட்டினான். தோற்றால் தம்பியைத் திட்டுவான். கொடியைச் சீக்கிரம் காட்டினாய், லேட்டாகக் காட்டினாய் என்று திட்டிக்கொண்டே எங்கள் கடையில் டீ குடிப்பான்.

ஐப்பசி மழைக்காலத்தில் அந்த ஞாயிறு வந்தது. காலையிலிருந்து பெய்வதும் விடுவதுமாக இருந்ததாம். மதியம் பந்தயம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை வலுத்தது. கன்ட்ரோல் ரூம் கேட்டது. தம்பி நின்றது ஏழாவது போஸ்ட். எட்டாவது போஸ்டில் நின்றவர் அருணகிரி, அவனுக்குப் பல வருஷப் பழக்கம். தம்பி எட்டிப் பார்த்தான். மழைக்குள் ஆரஞ்சு உடுப்பில் ஆள் நிற்பது தெரிந்தது. "தெரியுது" என்றான். மற்ற எல்லா போஸ்டும் தெரிகிறது என்றன. பந்தயம் தொடர்ந்தது.

அடுத்த சுற்றிலேயே எட்டாவது போஸ்டைத் தாண்டி ஒரு வண்டி தண்ணீரில் வழுக்கி நடுத்தடத்தில் விழுந்தது. அருணகிரி மஞ்சள் கொடியை அசைத்தார். ஏழாவது போஸ்டைக் கடந்து போன வளவனுக்கு அந்தக் கொடி தெரியவில்லை. விழுந்து கிடந்த வண்டியில் போய் மோதினான். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

விசாரணையில் யார்மேலும் தப்பு இல்லை என்றார்கள். மழை திடீரென்று கூடிவிட்டது, கேட்டபோது எல்லோரும் தெரிகிறது என்றுதான் சொன்னார்கள். அதோடு முடிந்தது. கீழ்பென்னாத்தூரில் காரியத்துக்குப் போனபோது ஜோதியம்மாள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கறன்னுதானே தம்பி அனுப்புனேன்" என்றாள். அதில் திட்டு ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் அருணகிரி சொன்னதுதான் அவனை உடைத்துப் போட்டது. "கலை, ஒண்ணு கேக்கணும். கன்ட்ரோல் ரூம்ல கேட்டப்ப நான் மேடையிலயே இல்லப்பா. தண்ணி ஏறுதுன்னு தீயணைக்கற சிலிண்டர நகத்தி வைக்கப் பின்னாடி இறங்கிட்டேன். நீ தெரியுதுன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. யாரப் பாத்து சொன்ன?"

தம்பி வந்த பஸ்ஸில் ஏறிவிட்டான். வீட்டுக்கு வந்து என்னிடம்தான் சொன்னான். "நான் பொய் சொல்லலக்கா. ஆளு நின்னாரு. என் கண்ணால பாத்தேன். கையத் தொங்கப் போட்டுக்கினு என்னையே பாத்துக்கினு நின்னாரு."

அதற்குப் பிறகு அவன் தடத்துக்குப் போகவில்லை. ஆனால் மழை அவனை விடவில்லை. ஒருமுறை காய்கறி வண்டிமேல் போர்த்தியிருந்த மஞ்சள் தார்ப்பாய் காற்றில் படபடத்தது. இவன் ஓடிப்போய் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து, வந்த பஸ்ஸை நிறுத்திவிட்டான். டிரைவர் இறங்கி வந்து கேட்ட கேள்வியை எழுத முடியாது. பூஜா அழுதாள். டாக்டரிடம் கூட்டிப்போனோம், மாத்திரை கொடுத்தார். கோயிலுக்கும் கூட்டிப்போனோம். மழை வந்தால் எழுந்து வாசலுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் நல்ல மழையில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு வழக்கம்போல் மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தம்பி பின்னால் நின்றிருந்தான்.

"மலை தெரிஞ்சுதாக்கா?"

"தெரியுதுடா" என்றேன். வாய் தானாகச் சொன்னது மட்டுமில்லை, எனக்கு நிஜமாகவே தெரிந்தது. அந்தச் சரிவு, அந்த உச்சி, எல்லாம். அவன் என் தோளைப் பிடித்து மறுபடியும் திருப்பினான். அங்கே ஒன்றுமே இல்லை. எதிரில் இருக்கிற கலெக்டர் ஆபீஸ் காம்பவுண்டே பாதிதான் தெரிந்தது.

"அதான். நம்ம ஊர்க்காரன் எவனும் அந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்ல மாட்டான். இல்லாத மலையப் பாத்துக் கும்புட்டே வளர்ந்த கண்ணுக்கா இது" என்றான்.

அந்தப் பதில் அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். பழகிப்போன கண், பழகிய இடத்தில் பழகிய ஆளைக் காட்டிவிட்டது. அவ்வளவுதானே? ஆனால் எனக்கே அது ஒப்பவில்லை. அருணகிரி கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. அவர் எப்போதும் கொடியை மார்போடு பிடித்துக்கொண்டுதான் நிற்பார் என்று தம்பியே சொல்லியிருக்கிறான்.

இரண்டு வருஷம் போயிற்று. வளவனின் தங்கை சிந்துஜா ஒருநாள் அவன் கடைக்கு வந்தாள். கையில் ஹெல்மெட். அண்ணன் சேர்ந்த அதே பயிற்சியில் சேர்ந்து, பெண்களுக்கான பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்த வருஷக் கடைசி ரேஸ் வருதுண்ணா. மூணு இடத்துக்குள்ள வந்தா ஒரு டீம்ல எடுத்துக்கறேன்னு சொல்லிக்கிறாங்க. அண்ணன் போன அதே வளைவு. அங்க நீங்க நிக்கணும்."

"நான் இப்பல்லாம் போறதில்லம்மா."

"தெரியும். வேற யாரு நின்னாலும் அந்த வளைவுல எனக்குக் கை தானா பிரேக்குக்குப் போவுது. நீங்க நின்னா ஓட்டிடுவேன். அம்மாகிட்டயும் நீங்க இருக்கீங்கன்னுதான் சொல்லிக்கிறேன்."

தம்பி மறுப்பான் என்று காத்திருந்தேன். அவள் போன பிறகு அந்தப் பக்கம் டப்பாக்களை இறக்கி இறக்கி அடுக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் தடுப்பைத் தட்டினான். "அக்கா, மழை பேஞ்சா என் கண்ண நான் நம்ப மாட்டேன். நீ கூட வா."

பூஜாவும் என்னைக் கூடப் போகச் சொல்லிக் கெஞ்சினாள். மழைக்காலத்தில் அங்கே ஆள் கம்மி, யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்தது. காலையில் போனவுடன் புது ஆட்களுக்குப் பாடம் எடுத்தார்கள். என் கையில் தண்ணீர் தள்ளுகிற நீளத் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு அது என்ன புது ஆயுதமா? சுடிதாருக்கு மேல் அந்த ஆரஞ்சு உடுப்பை மாட்டியதும் எனக்கும் சிலிண்டர் ஞாபகம்தான் வந்தது.

பந்தயத்துக்கு முன் தம்பி அருணகிரியிடம் ஒன்று பேசிவைத்தான். "கன்ட்ரோல் ரூம்ல கேக்கும்போதெல்லாம் நீ ஒரு கையத் தூக்கு, இல்லன்னா ரெண்டு கையையும் தூக்கு. உன் இஷ்டம். எத்தன கைன்னு எனக்குச் சொல்ல முடிஞ்சாதான் தெரியுதுன்னு சொல்லுவேன். ஆளு மட்டும் தெரிஞ்சா அது கணக்கில்ல." அருணகிரி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி என்றார்.

தூறலில் தொடங்கியது. சிந்துஜா இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். எங்கள் போஸ்டைத் தாண்டும்போது அந்தச் சின்னப் பெண்ணின் வண்டி போட்ட சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. கன்ட்ரோல் ரூம் ஒருமுறை கேட்டது. "ஒரு கை" என்று தம்பி முணுமுணுத்தான், பிறகு "தெரியுது" என்றான். எனக்கும் ஒரு கை தெரிந்தது. அதற்கு அடுத்த சுற்றில் வானம் அப்படியே இறங்கிவிட்டது. நான் தள்ளத் தள்ள ஓரத்தில் தண்ணீர் வந்து நின்றது. தகரக் கூரையில் மழை அடித்த அடியில் பக்கத்தில் நிற்பவன் பேச்சுக்கூடக் கேட்கவில்லை. வாக்கி டாக்கியைக் காதோடு ஒட்டவைத்துக் கேட்டோம்.

"ஏழு, அடுத்த போஸ்ட் தெரியுதா?"

தம்பி பார்த்தான். நானும் பார்த்தேன்.

மழைக்குள் ஆள் நின்றது. நன்றாகவே தெரிந்தது. இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா, உனக்கு?" என்றான்.

"ஏழு, ஏழு, சொல்லுங்க. தெரியுதா?"

எனக்கு அந்த இடம் பழக்கமே இல்லை. என் கண்ணுக்கு அங்கே பார்த்துப் பழகிய எதுவும் கிடையாது. ஆனாலும் நின்றது. அருணகிரிக்குச் சோம்பலோ என்னவோ, கையைத் தூக்க மறந்திருப்பாரோ என்று மனசு சாக்குத் தேடியது. சிந்துஜாவின் வண்டிச் சத்தம் தூரத்தில் திரும்பி வருவது கேட்டது.

தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான். "தெரியல. ஏழாவது போஸ்ட். தெரியல, தெரியல" என்று கத்தினான்.

எல்லா போஸ்டிலும் சிவப்பு. இவனும் சிவப்பை எடுத்து இரண்டு கையாலும் வீசினான். எங்களுக்கு எதிரிலேயே சிந்துஜா வேகம் குறைத்து, தலையை ஆட்டிக்கொண்டு, மெதுவாக அந்த வளைவுக்குள் போனாள். அதற்கு அப்புறம் பந்தயம் நடக்கவில்லை. மழை விட்டபோது வெளிச்சம் போய்விட்டது. பாதி தூரம்கூட ஓடாததால் விதிப்படி அந்தப் பந்தயத்துக்கு முடிவே கிடையாது, யாருக்கும் இடம் கிடையாது.

மழை குறைந்ததும் அருணகிரி தோளைத் தேய்த்துக்கொண்டே நடந்து வந்தார். "நீ பதில் சொல்றவரைக்கும் ரெண்டு கையையும் தூக்கிக்கினு நின்னேம்பா. செம வலி." நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதைப் பற்றி இதுவரை நாங்கள் பேசியதில்லை.

வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் சிந்துஜா ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தாள்.

"எல்லா போஸ்டும் தெரியுதுன்னு சொல்லிக்கிறாங்க. நீங்க ஒருத்தர்தான் தெரியலன்னிங்களாம். எனக்கு நல்லா தெரிஞ்சுதுண்ணா! ரெண்டாவது வந்துக்கினு இருந்தேன். ஒரு வருஷம் போச்சுண்ணா. உங்கள நம்பித்தானே கூப்பிட்டேன்? இன்னாத்துக்குண்ணா நிறுத்துனிங்க?"

நான் குறுக்கே பேசப் போனேன். தம்பி கையைக் காட்டி என்னை நிறுத்தினான்.

"உங்க அண்ணன் போன அன்னிக்கும் இதே கேள்விய கேட்டாங்கம்மா. நான் தெரியுதுன்னு சொன்னேன். அங்க ஆளே இல்ல."

அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேறு வழியில்லை, அவள் பைக்கை ஏற்றிவந்த வேனில்தான் நாங்களும் திரும்ப வேண்டும். முன்னால் டிரைவர் பக்கத்தில் தம்பி, பின்சீட்டில் நானும் அவளும். திண்டிவனம் தாண்டினோம், செஞ்சி தாண்டினோம். டிரைவர்கூடப் பாட்டுப் போடவில்லை. சிந்துஜா கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். தம்பியின் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்த எனக்கு, இவள் ஏதாவது சொல்லிவிட்டால் இவன் பிழைப்பானா என்றிருந்தது. சொல்லாமல் இறங்கிப் போய்விட்டால் அதைவிடக் கஷ்டம் என்றும் இருந்தது.

கீழ்பென்னாத்தூர் நெருங்கும்போது மறுபடியும் மழை. அவள் வீட்டுத் தெரு முனையில் வேன் நின்றது. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு ஜோதியம்மாள் குடையோடு நிற்பது தெரிந்தது. சிந்துஜா இறங்கவில்லை.

"அண்ணா."

தம்பி திரும்பினான்.

"அன்னிக்கு நீங்க தெரியலன்னு சொல்லி நிறுத்தியிருந்தா, எங்க அண்ணன் உங்கள இன்னா பண்ணியிருப்பான்?"

தம்பி சீட்டைப் பிடித்துக்கொண்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்தான். "திட்டியிருப்பாம்மா. இன்னிக்கு நீ திட்டுனதெல்லாம் திட்டே இல்ல."

"ஆமா" என்றாள். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். மழை அவள் தலையில் விழுந்தது. "திட்டிக்கினே வீட்டுக்கு வந்திருப்பான்."